விலை கூடுன கேமராவோட தனியா சுத்துறவங்களுக்கு: குமரி மாவட்டத்துல சாமான் களவு போகாம படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

கேமரா களவுன்னு சொன்னாலே நம்மாளுங்க கத்திய காட்டி புடுங்கிட்டு ஓடுற ஆளத்தான் நெனைக்காங்க. அப்படி நடக்காதுன்னு இல்ல, ஆனா தனியா படம் எடுக்கப் போறவங்ககிட்ட இருந்து சாமான் போறது முக்காவாசி சத்தமே இல்லாமத்தான். ஒரு கண்ணு வியூஃபைண்டர்ல, இன்னொரு கண்ணு மூடி, ரெண்டு கையும் கேமராவுல, பை மட்டும் பின்னால ரெண்டடி தள்ளி பாறை மேல கெடக்கும், அந்த நேரம் பாத்து எடுத்துட்டு போறவனுக்கு கத்தியும் வேண்டாம் ஓட்டமும் வேண்டாம், சும்மா நடந்தே போயிருவான். கூட ஒரு ஆளு வந்தா பைய அவன் பாத்துக்கிடுவான். தனியா போனா அந்த வேலைய வேற எதாவது பாக்கணும், அதனால இதுல நான் திரும்பத் திரும்ப கேக்கப் போற கேள்வி ஒண்ணுதான்: கண்ணு படத்துல இருக்கும்போது பை எதோட கட்டிக் கெடக்கு?

பயமுறுத்த எழுதல மக்கா. முட்டம் பாறையிலயும் தேரூர் குளத்தங்கரையிலயும் தனியா போயி எடுத்துட்டு வர்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. ஆனா குமரி முனையில தெனமும் புதுக் கூட்டம், பக்கத்துல நிக்கவன் டூரிஸ்டா வேற ஆளான்னு யாருக்கும் தெரியாது, அங்கன களவாணிக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்ல.

படி 1: வீட்டுலயே முடிக்க வேண்டிய பேப்பர் வேலை

போரடிக்கிற வேலைதான், ஆனா இத செய்யலன்னா மத்த எதுவும் பிரயோசனம் இல்ல. களவு போன பொறவு ஸ்டேசன்லயும் சரி இன்சூரன்ஸ்லயும் சரி மொதல்ல கேக்குறது சீரியல் நம்பர். பாடியில, அதாவது லென்ஸ் இல்லாத வெறுங் கேமராவுல, அடிப்பக்கம் ஒட்டியோ பொறிச்சோ இருக்கும், சில மாடல்ல திரைய வெளிய இழுத்தாத்தான் தெரியும். லென்ஸ்ல மவுண்ட் பக்கத்துல, அதாவது கேமராவோட மாட்டுற எடத்துல பாருங்க. ட்ரைபாட் பிளேட் மாட்டி மாட்டி அந்த ஸ்டிக்கர் தேஞ்சு போறது சாதாரணம், அதனால இன்னைக்கே ஃபோன்ல ஒரு படம் எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணி வச்சுக்கிடுங்க. ஃபிளாஷ், மைக், கிம்பல் எல்லாத்துக்கும் இதே மாதிரி. பில்லுல அந்த நம்பர் எழுதியிருக்கான்னும் பாருங்க, கடையில வாங்கும்போதே கேட்டா எழுதித் தருவாங்க, ரெண்டு வருசம் கழிச்சு கேட்டா கம்ப்யூட்டர் மாறிட்டுன்னு சொல்லுவாங்க.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒண்ணு. நெறைய கேமராவுல எடுக்குற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு தகவல் ஒளிஞ்சு இருக்கும், அதுல பாடியோட சீரியல் நம்பரும் பதிஞ்சிருக்கும். ஒவ்வொரு பாடியிலயும் எடுத்த ஒரு ஒரிஜினல் ஃபைல், ராவோ ஜேபெக்கோ, அப்படியே கிளவுட்ல போட்டு வைங்க. வாட்ஸ்அப்ல படமா அனுப்புனா இந்த தகவல் உரிஞ்சு போயிரும், அது கணக்குல வராது. மெனுவுக்குள்ள காப்பிரைட்னு ஒரு இடம் இருக்கும், கேனான், நிக்கான், சோனி மூணுலயும் உண்டு, அதுல உங்க பேர அடிச்சு வைங்க. எடுத்துட்டு போனவன் அத அழிக்கலாம்தான், ஆனா கேமராவ பாதி விலைக்குத் தள்ளுற அவசரத்துல மெனுவுக்குள்ள போயி யாரு தேடிட்டு இருக்கப் போறா.

ஒவ்வொரு மெமரி கார்டுலயும் மொதல் படமா ஒரு பேப்பர்ல ஃபோன் நம்பர் எழுதி எடுத்து லாக் பண்ணி வைங்க. களவுக்கு இல்ல, நீங்களே எங்கயாவது வச்சுட்டு வந்துட்டா நல்ல மனுசன் கையில கெடச்சா கூப்புடுவான். வீட்டு அட்ரஸ் வேண்டாம், நம்பர் மட்டும் போதும்.

இன்சூரன்ஸ் விசயத்துல ஒரு தப்புக் கணக்கு ஊரெல்லாம் இருக்கு. வீட்டு இன்சூரன்ஸ் இருக்குல்லா அதுல கேமராவும் வரும்னு. சாதாரண வீட்டு பாலிசி வீட்டுக்குள்ள இருக்கும்போது போனதுக்குத்தான், வெளிய தோளுல தொங்கும்போது போனா கையை விரிச்சிருவாங்க. கேமராவுக்கு ஆல் ரிஸ்க்னு, வெளிய வச்சு போனாலும் சேர்ற பாலிசியா கேட்டு வாங்கணும். கல்யாணம் எடுக்குறவங்க தொழிலுக்குப் பயன்படுத்துறேன்னு மறைக்காம சொல்லியே எடுக்கணும், இல்லாட்டி கிளெய்ம் வரும்போது அதையே காரணமாச் சொல்லுவாங்க. ஆளில்லாத வண்டியில வச்சுட்டுப் போனா கிடையாது, பூட்டாம வச்சா கிடையாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. பாலிசிக்கு பாலிசி மாறும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன அந்தப் பக்கத்தை மட்டுமாவது படிங்க.

படி 2: என்னத்தக் கொண்டு போவணும், எதுல

தனியா போறப்ப கொறச்சுக் கொண்டு போங்க. மூணு லென்ஸ் போட்ட பையோட கடற்கரையில அலையறவன் கண்ணு பாதி நேரம் பையிலத்தான் இருக்கும், படமும் உருப்படாது. கூட்டமான எடத்துக்கு ஒரு பாடி, 24-105 மாதிரி ஒரு ஜூம் லென்ஸ், அவ்வளவுதான். லென்ஸ் மாத்துற நேரம்தான் நாம எதுவும் செய்ய முடியாம நிக்கிற நேரம், ரெண்டு கையிலயும் லென்ஸ், தலை குனிஞ்சு, பை ஜிப் திறந்து. மாத்தியே ஆகணும்னா ஒரு சுவத்துக்கு முதுகைக் கொடுத்து உக்காந்து, பைய மடியில வச்சு மாத்துங்க. அங்கன அடிக்கிற உப்புக்காத்துக்கு சென்சாரும் தப்பிக்கும்.

பை கேமரா பை மாதிரி இருக்கக் கூடாது. கம்பெனி பேரு பெருசா போட்ட பையி, மஞ்சள் எழுத்துல கம்பெனி பேரு ஓடுற ஸ்ட்ராப், ரெண்டும் தூரத்துல இருந்தே வெலையச் சொல்லிரும். பழைய காலேஜ் பேக்ல பஞ்சு இன்செர்ட் போட்டா போதும். புதுசா வாங்குறதா இருந்தா முதுகுப் பக்கம் திறக்குற மாடல் பாருங்க, தோளுல இருக்குற வரைக்கும் எவனும் ஜிப்ப தொட முடியாது. வெளிப்பக்கம் ஜிப் இருந்தா ரெண்டு ஜிப் ஓட்டையும் சேத்து ஒரு சின்னக் கொக்கி. அது பூட்டு இல்ல, சும்மா பத்து செகண்டு தாமதம், கூட்டத்துல அந்தப் பத்து செகண்டுக்குள்ள நமக்குத் தெரிஞ்சிரும்.

புளூடூத் டிராக்கர் ஒண்ணு வாங்கிப் போடுங்க, ஆனா அதுக்கு மேல நம்பாதீங்க. பக்கத்துல போற மத்தவங்க ஃபோன் வழியாத்தான் அது எங்க இருக்குன்னு சொல்லும், அதனால குமரி பஸ் ஸ்டாண்டுல நல்லா வேலை செய்யும், காளிகேசம் போற காட்டு ரோட்டுல ஊமையாயிரும். தெரியாத டிராக்கர் ஒண்ணு கூடவே வருதுன்னு எடுத்துட்டு போனவன் ஃபோனுக்கே எச்சரிக்கையும் போவும், அது இப்ப பெரும்பாலான ஃபோன்லயும் வந்தாச்சு. வெளிப் பாக்கெட்ல போடாம பஞ்சுக்கு உள்ள தச்சு வைங்க, தேடி எடுக்க அவனுக்கு நேரம் ஆகட்டும்.

படி 3: போற வழி

ஸ்கூட்டர்ல போறவங்க பைய முன்னால கால் வைக்கிற எடத்துல வச்சு கொக்கியில மாட்டுறது எல்லாரும் செய்யுறதுதான், சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து பைக்காரன் கைக்கு அது எட்டுற தூரம்தான். ரெண்டு தோளுலயும் மாட்டி நெஞ்சு ஸ்ட்ராப்ப பூட்டுங்க. கேமராவ கழுத்துல தொங்கப் போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, இழுத்தா கேமரா மட்டும் இல்ல நீங்களும் சேந்து ரோட்டுல கெடப்பீங்க. சீட்டுக்கு அடியில உள்ள டிக்கியில வச்சுட்டு படம் எடுக்கப் போறதும் வேண்டாம், சீட்ட ஒரு பக்கம் தூக்கி கையை உள்ள விடுறது அவங்களுக்கு பெரிய வித்தையே இல்ல.

கார்ல வர்றவங்களுக்கு ஒரு விசயம். பைய டிக்கியில வைக்கணும்னா பார்க்கிங்க்கு வந்து எறங்கி எல்லாரும் பாக்க வைக்காதீங்க. சுசீந்திரம் தாண்டும்போதே எங்கயாவது நிறுத்தி வச்சுருங்க. பார்க்கிங்ல உக்காந்து எந்த வண்டியில என்ன ஏறுது எறங்குதுன்னு கவனிக்கிறதே ஒரு வேலையா வச்சிருக்க ஆளு உண்டு.

பஸ்ஸுன்னா வடசேரியில ஏறுற நெரிசல்ல பைய முன்னால மாட்டுங்க, உக்காந்தா மடியில, மேல ரேக்ல வைக்காதீங்க. சென்னையில இருந்து ராத்திரி ரயில்ல வர்றவங்க லோயர் பெர்த்துக்கு அடியில உள்ள வளையத்துல ட்ரைபாட் பைய சங்கிலி போட்டுப் பூட்டலாம், பாடியும் லென்ஸும் தலைக்கு அடியில. விடியக்காலம் திருநெல்வேலி, வள்ளியூர் தாண்டுற அந்த நேரம்தான் நல்லா கண்ணு சொருகும். ரயில்ல எதும் போச்சுன்னா ரயில்வே உதவி நம்பர் 139க்கு கூப்பிடுங்க, எறங்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், டிக்கெட் பாக்குற டிடிஇகிட்டயோ ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) ஆளுகிட்டயோ எஃப்.ஐ.ஆர் ஃபாரம் இருக்கும், ஓடுற ரயில்லயே எழுதிக் கொடுக்கலாம்.

படி 4: எடத்துல நிக்கும்போது

இதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமா வாசிங்க.

குமரி முனையில சூரிய உதயம் வருசம் முழுக்க ஏறக்கொறைய 6 மணிக்கும் 6.45க்கும் நடுவுலத்தான். நல்ல எடம் புடிக்க அஞ்சேகாலுக்கே போவணும், அப்ப நல்ல இருட்டு, ஆனா ஆளு மட்டும் திருவிழாக் கூட்டம். கார்த்திகை, மார்கழியில சபரிமலை போற சாமிமாரு கூட்டமும் சேரும், சித்ரா பௌர்ணமி சாயங்காலம் சூரியன் மறையறதும் நிலா எழும்புறதும் ஒண்ணா பாக்க வர்ற கூட்டத்துல கால் வைக்க முடியாது. இந்த நாள்ல ட்ரைபாட்டும் பெரிய பையும் வேண்டாம்னு நான் சொல்லுவேன். ஒரு பாடி, கையில சுத்துன ஸ்ட்ராப், முடிஞ்சுது.

சூரியன் தலைய நீட்டுன உடனே என்ன நடக்கும்னு கவனிச்சுப் பாருங்க. அத்தனை பேரும் ஃபோனத் தூக்கிட்டு கிழக்கே பாப்பாங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒருத்தர் கண்ணும் கீழ இருக்காது. களவுக்கு அதவிட நல்ல நேரம் உண்டா. அதனால அந்த அஞ்சு நிமிசத்துக்கு பை தரையில இருக்கவே கூடாது, தோளுல இல்லன்னா நெஞ்சுல.

அங்கன பல வருசமா டூரிஸ்ட்டுங்களுக்கு உடனே பிரிண்ட் போட்டுக் குடுக்குற ஃபோட்டோகிராபர் அண்ணாச்சிமாரு இருக்காங்க, சங்கு பாசி விக்கவங்க இருக்காங்க, சுக்குகாப்பி கேனோட நிக்குற அக்காமாரு இருக்காங்க. தெனமும் ஒரே எடத்துல நிக்குறவங்களுக்கு புது மொகம் எது, சும்மா சுத்துற மொகம் எதுன்னு நல்லாத் தெரியும். போன உடனே “அக்கா, சூடா ஒண்ணு தாங்க”ன்னு வாங்கிக் குடிச்சுட்டு அவங்க பக்கத்துலயே நில்லுங்க. அப்படி ஒருநாள் ஒரு அக்கா எங்கிட்ட “மக்கா, அந்த நீலச்சட்டை ரொம்ப நேரமா உன் பின்னாலயே நிக்கான் பாத்துக்க”ன்னு சொன்னாங்க, நான் திரும்புனதும் அந்த ஆளு நைசா நகந்துட்டான். அவன் யாரோ எவரோ, ஆனா அப்படிச் சொல்ல ஒரு ஆளு இருக்கதே பெரிய காவல்.

அடுத்தது லாங் எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர ரொம்ப நேரம் திறந்து வச்சு எடுக்கப் போற முட்டம், தேங்காப்பட்டினம் மாதிரி பாறைக்கரை. இங்கன கூட்டம் இல்ல, அதுவே பிரச்சினை. எனக்குப் பழகுன முறை இது: பையோட மேல் கைப்பிடியில கெட்டியான கேராபைனர் கொக்கி ஒண்ணு, மலையேறுறவங்க போடுற வகை, சாவிக்கொத்துக்கு விக்குற அலுமினியம் இல்ல. அதுல இருந்து ஒரு முழம் நீளத்துக்கு நாடா, நாடாவோட மறுமுனை என் பெல்ட்டுல. நான் உக்காந்தா பை ரெண்டு காலுக்கும் நடுவுல, எழும்பி நின்னா கால்ல தட்டும். யாராவது தொட்டா இடுப்பு இழுபடும். முப்பது செகண்டு ஷட்டர் திறந்து இருக்கும்போது நான் கடலைப் பாக்கலாம், எக்ஸ்போஷர் எண்ணலாம், இடுப்பு காவல் இருக்கு.

பைய ட்ரைபாட் நடுக்கம்பி கொக்கியில தொங்க விடச் சொல்லி எல்லா வீடியோவுலயும் சொல்லுவாங்க, காத்துக்கு நல்லதுதான், நம்ம ஊரு காத்துக்கு தேவையும்தான். ஆனா யோசிங்க, எவனாவது பையப் புடிச்சு இழுத்தா ட்ரைபாட்டோட கேமரா பாறையில அடிச்சு விழும், பை போகாட்டியும் பாடி போச்சு. அப்படி தொங்க விடணும்னா அதுல தண்ணி பாட்டிலும் துண்டும் போடுங்க, லென்ஸ் பை உங்க ஒடம்போட. பாறையில நிக்கும்போது கள்ளக்கடல், அதாவது திடீர்னு கரையேறுற பெரிய அலை, எச்சரிக்கை வந்திருக்கான்னு மொதல்லயே பாத்துக்கிடுங்க, களவாணிகூட ஒரு பையத்தான் எடுப்பான்.

பறவை எடுக்குறவங்க கதை வேற. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்த பொறவு வெளியூர்ல இருந்து ஆளு வரத்தும் கூடிட்டு, புத்தளம் உப்பளத்துலயும் மணக்குடி காயல்லயும் சீசன்ல எப்பவும் யாராவது ஒருத்தரு படுத்துக் கெடப்பாரு. ரெண்டு கிலோ வர்ற 150-600 லென்ஸ மறைக்க முடியாது, அதனால மறைக்கிறத விட்டுட்டு தூரத்தக் கொறைக்கப் பாருங்க. வண்டிய ரோட்டுல போட்டுட்டு கரைக்கு எறங்குனா வண்டி கண்ணுக்குத் தெரியுற எடத்துல நில்லுங்க, வண்டியில எதையும் வைக்காதீங்க. வயல்ல வேலை செய்யுறவங்ககிட்ட, வலை வீசுறவங்ககிட்ட “கொக்கு படம் எடுக்க வந்தேன்”னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குனா அவங்களுக்கும் சந்தேகம் வராது, நமக்கும் நாலு கண்ணு கூடும். படுத்து எடுக்குறவங்க பை ஸ்ட்ராப்புக்குள்ள ஒரு கால விட்டுக்கிடுங்க.

மாத்தூர் தொட்டிப்பாலத்துல 115 அடி உயரம், குறுகலான நடை, எதுக்க ஆளு வந்தா ஒதுங்கணும், அங்கன களவைவிட கைதவறுறதுதான் பயம், ஸ்ட்ராப் கையில சுத்தியே இருக்கணும். தோவாளை பூச்சந்தை, வடசேரி சந்தைக்கெல்லாம் ஒத்த பாடியோட பையே இல்லாம போங்க. கோயிலுக்குப் போற அன்னைக்கு கேமரா வேண்டவே வேண்டாம், குமரி அம்மன் கோயில்லயும் சுசீந்திரத்துலயும் ஆம்பளைங்க சட்டையக் கழத்திட்டுத்தான் உள்ள போவணும், உள்ள படமும் எடுக்க முடியாது, அப்ப ரெண்டு லட்ச ரூவா சாமான செருப்போட சேத்து வெளிய யாருகிட்டக் குடுப்பீங்க? திற்பரப்புல குளிக்கப் போனாலும் இதேதான்.

தனியா கல்யாணம் எடுக்குறவங்களுக்கு மண்டபம்தான் கடற்கரையைவிட மோசம். நல்ல வேட்டி சட்டையில ஒருத்தன் மேடைக்குப் பின்னால நடந்தா பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனைப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு ஆளுன்னு. பைய மேடைக்குப் பின்னால போடாதீங்க, மேடையில உங்க ஃபிரேமுக்கு வெளிய, நாக்காலிக் காலோட கேபிள் பூட்டு போட்டு வைங்க. நெறைஞ்ச கார்டு பைக்குள்ள போகவே கூடாது, பட்டன் போட்ட சட்டைப் பாக்கெட்டுக்குத்தான் போவணும். பாடி போனா வாங்கலாம், தாலி கட்டுன படம் போனா அந்த வீட்டு வாசல்ல போயி நிக்க முடியுமா?

படி 5: பேச்சுக் குடுத்து எடுக்குறவங்க

“அண்ணாச்சி, சட்டையில காக்கா எச்சம் பாருங்க”ன்னு ஒருத்தன், தொடைக்கத் தண்ணி குடுக்க இன்னொருத்தன், பை எடுக்க மூணாவது ஆளு. கீழ ரூவா நோட்டு கெடக்கு உங்களுதான்னு கேக்குறதும் இதே வகை. பதில் சொல்லலாம், ஆனா கை பையில விழுந்த பொறவுதான் கண்ணு சட்டைக்குப் போவணும்.

“ஒரு ஃபோட்டோ எடுத்துத் தாங்க”ன்னு தன் ஃபோன நீட்டுறவங்க எல்லாரும் கள்ளன் இல்ல, முக்காவாசி பேரு நம்ம கேமராவப் பாத்து நல்லா எடுப்போம்னு நம்பி வர்றவங்கதான். தாராளமா எடுத்துக் குடுங்க, பை தோளுல இருக்கட்டும். உங்கள எடுக்கச் சொல்லணும்னா கேமராவ நீட்டாதீங்க, உங்க ஃபோனக் குடுங்க. கேமரா என்ன வெலைன்னு கேட்டா “பழசு, ஆஃபீசுல குடுத்தது”ன்னு ஒரு பொய் தப்பே இல்ல.

புக்கிங் பேருல வர்ற ஆபத்தும் உண்டு. அட்வான்ஸ் பேரம் பேசாம, எந்த கேமரா என்ன லென்ஸ்னு மட்டும் துருவித் துருவிக் கேட்டு, ஆளில்லாத எடத்துக்கு தனியா வரச் சொன்னா போகாதீங்க. மொத சந்திப்பு ஒரு சாயா கடையில, கேமரா இல்லாம. இன்ஸ்டாவுல “இப்ப முட்டத்துல”ன்னு ஸ்டோரி போடுறதையும் வீடு வந்த பொறவு வச்சுக்கிடுங்க. அந்த லொக்கேஷன வீட்டு ஆளு ஒருத்தருக்கு மட்டும் அனுப்புங்க. தனியா போற பொம்பளைப் பிள்ளைங்க தமிழ்நாடு போலீசோட காவல் உதவி ஆப்ப போட்டு வச்சுக்கிடுங்க, அதுல அவசர பட்டன் இருக்கு.

கத்தியோ கட்டையோ காட்டினா குடுத்துருங்க. இழுபறி வேண்டாம். அதுக்குத்தான் படி 1.

படி 6: போயிட்டா மொத ஒரு மணி நேரம்

அவசர உதவி நம்பர் 112க்கு கூப்பிடுங்க, அங்கன நிக்குற கடைக்காரங்ககிட்ட எந்தப் பக்கம் போனான்னு கேளுங்க, எந்தக் கடையில கேமரா மாட்டியிருக்குன்னு பாத்து வைங்க, அந்தப் பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும். டிராக்கர் எடம் காட்டுதுன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து போலீஸ்கிட்டக் காட்டுங்க, தனியா தேடிப் போகாதீங்க.

ஸ்டேசன்ல சி.எஸ்.ஆர் ரசீதோட அனுப்பப் பாப்பாங்க. அது நீங்க மனு குடுத்ததுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான், இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர் வேணும். 2024 ஜூலை 1ல இருந்து வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல (பி.என்.எஸ்) திருட்டு பிரிவு 303, பறிச்சுட்டு ஓடுறது 304. எந்த ஸ்டேசன் எல்லையில நடந்திருந்தாலும் எந்த ஸ்டேசன்லயும் புகார் பதியலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர்னு சொல்லுவாங்க, களியக்காவிளை தாண்டி கேரளா பக்கம் போனதுக்கும் இது உதவும். காப்பி காசில்லாம தரணும். பதிய மாட்டேன்னா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்) 173(4) படி நாகர்கோவில்ல எஸ்.பிக்கு எழுத்துல தபால் அனுப்பலாம், அதுக்கும் மேல மாஜிஸ்திரேட்டு. மனுவுல கேமரான்னு மட்டும் எழுதாம மாடல், சீரியல் நம்பர், பில் தேதி, கூட இருந்த கார்டு பேட்டரி வரைக்கும் எழுதுங்க, பொறவு சேக்கணும்னா பாடுதான். ஃபோனும் சேந்து போயிருந்தா எஃப்.ஐ.ஆர் காப்பிய வச்சு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல ஃபோனோட அடையாள நம்பரான ஐஎம்இஐய பிளாக் பண்ணலாம்.

அன்னைக்கே இன்சூரன்ஸுக்கும் தகவல் சொல்லிருங்க, தாமதத்தக் காட்டியே கிளெய்ம இழுப்பாங்க. பொருள் கெடைக்கலன்னா கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் குடுக்குற சர்டிபிகேட்டும் கடைசியில கேப்பாங்க, அத நாமதான் போயி போயி கேட்டு வாங்கணும், தானா வீட்டுக்கு வராது.

சீரியல் நம்பர நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை பழைய கேமரா கடைகளுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் அனுப்புங்க, ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக் விற்பனை குரூப்பும் கொஞ்ச நாள் தினமும் பாருங்க. உங்க பாடி மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா விக்குறவன்கிட்ட சண்டைக்குப் போகாம, வாங்குற ஆளு மாதிரி அடிப்பக்கம் ஒரு படம் கேளுங்க, நம்பர் ஒத்து வந்தா அப்படியே ஸ்டேசனுக்குக் கொண்டு போங்க.